அத்தியாயம் 7: ஆறுதலான பாட்டுக்கு வலக்கை

வேகமான பாட்டில் பிழை மறைந்துபோகும். ஆறுதலான பாட்டில் மறையாது. இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு செக்கன் முழுவதும் வெறுமையாகக் கிடக்கும். அந்த ஒரு செக்கனில் கை என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினால், பாடுகிறவரின் மூச்சும் கூடவே தடுமாறும்.

மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம், மாங்குளம் பக்கங்களில் கிற்றார் எடுக்கிற பிள்ளைகளுக்குப் பழகிய கை துள்ளலான கை. அதில் வியப்பில்லை. இந்தத் தீவின் கிற்றார் இசையே பைலாவோடு வளர்ந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் தமிழ்ப் பொப்பிசை இன்றைக்கும் எந்தக் கலியாண வீட்டிலும் ஒலிக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளைக் கிற்றாரோடு வரச்சொல்லிக் கேட்கிற இடங்கள் வேறு. ஞாயிறு பூசை, பாடசாலை ஒளிவிழா, ஆசிரியரின் பிரியாவிடை, நினைவுகூரல் கூட்டம். அங்கே பாடப்படுகிறவை பெரும்பாலும் ஆறுதலான பாட்டுகள். "தம்பி, கொஞ்சம் ஆறுதலா வாசியும், சனம் பாட வேணும்" என்று பாடகர் குழாத்தை நடத்துகிற அக்கா சொல்வது இதனால்தான். அவர் கேட்பதை எப்படிக் கொடுப்பது என்பதே இந்த அத்தியாயம்.

இதில் வரும் குறியீடு எளியது. 'கீ' என்றால் கீழ்நோக்கிய வீச்சு. வாத்தியக்காரர் டவுன் என்பார்கள். 'மே' என்றால் மேல்நோக்கிய வீச்சு, அதாவது அப். '–' என்றால் கை அசையும், கம்பியைத் தொடாது. கடைசிக் குறியீடுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம்.

கை நிற்கக் கூடாது

ஏணை ஆட்டுகிற தாயின் கை, தாலாட்டு நடுவில் நின்றாலும் நிற்பதில்லை. வலக்கை அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை கீழே போய் ஒரு தடவை மேலே வரும். ஒலி வேண்டிய இடத்தில் கம்பியைத் தொடும். வேண்டாத இடத்தில் கம்பிக்கு மேலால் காற்றில் போய்வரும். ஆரம்பத்தில் பெரும்பாலானோர் இதற்கு எதிர்மாறாகச் செய்கிறார்கள். ஒலி தேவைப்படாத இடத்தில் கையை நிறுத்திவைத்து, தேவைப்படும்போது அவசரமாக வீசுகிறார்கள். நின்ற கை எப்போதும் சற்று முந்தி அல்லது சற்றுப் பிந்தி வந்து விழும். பாட்டு ஓடுவதும் இழுபடுவதும் இதனால்தான்.

இதைப் பழக ஒரு சுவர் மணிக்கூடு போதும். செக்கன் முள் அடிக்கிற 'டிக்' நிமிடத்துக்கு 60. ஆறுதலான பாட்டுகளில் பெரும்பாலானவை 60 இலிருந்து 80 வரைக்குள் அடங்கும். இடக்கை விரல்களைக் கம்பிகளின் மேல் அழுத்தாமல் பரப்பிவையுங்கள். சுரம் எழாது, 'சக் சக்' என்ற ஒலி மட்டும் வரும். ஒவ்வொரு டிக்குக்கும் கை கீழே. இரண்டு டிக்குகளுக்குச் சரி நடுவில் கை மேலே. வாய்விட்டு 'தக தக தக தக' என்று சொல்லுங்கள். 'த' கீழே, 'க' மேலே. பாடசாலையில் சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு இந்தச் சொற்கட்டு புதிதல்ல. அதனால்தான் மேலைத்தேய எண்ணிக்கையை விட்டுவிட்டு இதையே இந்நூல் முழுக்க எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நிமிடத்துக்கு 60 என்பது எவ்வளவு மெதுவானது என்பது இப்போதுதான் விளங்கும். கை விரைந்தோடப் பார்க்கும். ஓட விடாதீர்கள். கோர்ட் ஒன்றும் பிடிக்காமல் இந்தப் பயிற்சியை ஒரு கிழமை செய்கிறவர் மற்றவர்களைவிட ஒரு மாதம் முன்னுக்கு நிற்பார்.

முதலாவது முறை: ஒரே வீச்சு

கீ – – – – – – –

நான்கு அடிக்கு ஒரே ஒரு கீழ்வீச்சு. மிச்சம் முழுக்கக் கம்பி தானாக ஒலித்துத் தேயட்டும். இதைச் சின்னப் பிள்ளைகளின் பாடம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. தாளமில்லாமல் விருத்தமாகப் பாடுகிற இடத்தில், செபத்துக்கு முன் மெல்லத் தொடங்குகிற முதல் வரியில், தனிக்குரல் ஒன்று நடுங்கிக்கொண்டு பாடுகிற இடத்தில் இதைவிடச் சிறந்த துணை கிடையாது.

இந்த வீச்சைப் பிக்கால் அல்ல, பெருவிரலின் சதையால் செய்து பாருங்கள். தடித்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பிவரை சற்று விரித்து இழுங்கள். ஆறு கம்பியும் ஒன்றன்பின் ஒன்றாக எழும். கையை ஒலித்துளைக்கு நேர் மேலேயோ, அதைவிடச் சற்றுக் கழுத்துப் பக்கமாகவோ வைத்தால் ஒலி மென்மையாக வரும். பிரிட்ஜ் பக்கம் போகப் போக ஒலி கூர்மையாகும். ஆறுதலான பாட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய தேவை அநேகமாக இல்லை.

எந்தக் கம்பியிலிருந்து தொடங்குவது என்பதையும் இங்கேயே பழகிவிடுங்கள். ஜி, ஈ மைனர் இரண்டுக்கும் ஆறாம் கம்பியிலிருந்து. சி, ஏ மைனர், ஏ மூன்றுக்கும் ஐந்தாம் கம்பியிலிருந்து. டி, சின்ன எஃப் இரண்டுக்கும் நான்காம் கம்பியிலிருந்து. டி கோர்ட்டில் ஆறாம் கம்பியையும் சேர்த்து அடிப்பதால் எழுகிற கலக்கம் வேகத்தில் தெரியாது. ஆறுதலான பாட்டில் நான்கு செக்கன் நின்று கேட்கும்.

இரண்டாவது முறை: அடிக்கம்பியும் வீச்சும்

அடி – கீ – கீ – கீ –

முதலாம் அடியில் கோர்ட்டின் அடிக்கம்பி ஒன்றை மட்டும் பெருவிரலால் மீட்டுங்கள். இரண்டு, மூன்று, நான்கில் மேலுள்ள மூன்று நான்கு கம்பிகளை மெல்ல வருடுங்கள். மேல்வீச்சுகள் எல்லாம் காற்றில். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. கூட்டமாகப் பாடுகிறவர்களுக்கு எது முதலடி என்று யாரும் கையைக் காட்டாமலே தெரிந்துவிடும். ஒலிபெருக்கி இல்லாத சின்னக் கோயிலில், மழைக்காலத்தில் தகரக் கூரையில் இரைச்சல் விழுகிறபோதுகூட அந்த அடிக்கம்பி கேட்கும்.

சங்கீதம் படித்தவர்கள் இதை ஆதி தாளத்தோடு பொருத்திக்கொள்ளலாம். ஆதியின் 8 அட்சரம் நமக்கு நான்கடி கொண்ட இரண்டு சுற்று. லகுவின் தட்டில் ஓர் அடிக்கம்பி. முதலாம் துருதத்தின் தட்டில் இன்னோர் அடிக்கம்பி. கோர்ட் மாறுகிறதும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். பாட்டு வேகமாகக் கோர்ட் மாற்றினால் இரண்டாம் துருதத்தின் தட்டிலும் ஒன்று வரும். தாளம் போடத் தெரிந்த பிள்ளைக்குக் கோர்ட் மாறும் இடத்தைத் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதிலும் இந்தப் படிப்பு உதவும். நம் மெல்லிசைப் பாட்டுகள் பலவும் தட்டோடு தொடங்குவதில்லை. தட்டு விழுந்த பிறகு சொல் வருவது அனாகத எடுப்பு. தட்டுக்கு முன்னமே சொல் வந்துவிடுவது அதீத எடுப்பு. கிற்றார்காரர் சொல்லோடு சேர்ந்து முதல் வீச்சைப் போட்டுவிட்டால் பாட்டு முழுவதும் அரை அடி விலகியே ஓடும். ஆகவே பாடகர் வாய் திறப்பதைப் பார்த்து வீசாதீர்கள். இரண்டு சுற்று நீங்கள் முன்னால் வாசித்து, அதன் மேல் அவரை ஏறவிடுங்கள்.

மூன்றாவது முறை: எல்லோரும் பழகுவது

த க | த க | த க | த க
கீ – | கீ மே | – மே | கீ மே

உலகம் முழுக்கக் கிற்றார் வகுப்புகளில் சொல்லித்தரப்படுகிற முறை இது. மூன்றாம் அடியின் 'த'வில் கை கீழே போகும், கம்பியைத் தொடாது. அந்த ஓர் இடைவெளிதான் இதன் உயிர். அங்கே தவறித் தொட்டுவிட்டால் முறை தட்டையாகிவிடும்.

ஆறுதலான பாட்டில் இதை வாசிக்கும்போது இரண்டு கவனம். முதலாவது, எல்லா வீச்சும் ஒரே பலத்தில் விழக் கூடாது. முதல் 'கீ' மட்டும் நிறைவாக விழட்டும். 'மே' எல்லாம் மெல்லிய மூன்று கம்பிகளை மட்டும் உரசிக்கொண்டு போகட்டும். மேல்வீச்சில் ஆறு கம்பியையும் இழுப்பது அநாவசியம். இரண்டாவது, பிக்கின் தடிப்பு. 0.46 இலிருந்து 0.60 மில்லிமீற்றர் வரையான மெல்லிய பிக் வளைந்து கொடுக்கும். தடித்த பிக் கம்பியைக் கொத்தும். பிக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மணிக்கட்டிலிருந்து அசையுங்கள், முழங்கையிலிருந்து வேண்டாம்.

கோர்ட் மாற்றத்தில் கை பிந்துகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கடைசி 'மே' வருகிறபோது இடக்கை விரல்களை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அந்த மேல்வீச்சு வெறுங்கம்பிகளில் விழும். ஜி, சி சுருதிகளில் வெறுங்கம்பியின் ஒலி அரை அடிக்கு உறுத்தாது. கேட்கிறவர்கள் கவனிக்க மாட்டார்கள். அந்த அரை அடி நேரம் இடக்கைக்குக் கிடைத்துவிடும். கோர்ட் முழுமையாக அமையாவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. பிழையான கம்பி ஒன்று ஒலித்தால் பாடகர் மன்னித்துவிடுவார். தாளம் நின்றால் அவரும் நிற்க வேண்டியதுதான்.

நான்காவது முறை: தகிட தகிட

த கி ட | த கி ட
கீ கீ கீ | கீ கீ கீ

ஆறு எண்ணிக்கை, இரண்டு அழுத்தம். முதலாவதிலும் நான்காவதிலும் சற்று நிறைவாக வீசுங்கள்; மிச்சத்தை மெல்ல. இது பழகியதும் மூன்றாவதையும் ஆறாவதையும் மட்டும் அழுத்தமாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குறைக்கிற வழக்கம் சிலருக்கு வந்துவிடும். அதை உடனே திருத்துங்கள். அழுத்தம் 'த'வில்தான்.

பைலாவும் இதே ஆறு எண்ணிக்கையில்தான் நடக்கிறது. போர்த்துக்கேயர் காலத் தொடர்போடு வந்த கஃப்றிஞ்ஞா ஆட்டத்திலிருந்து கிளைத்து, வொலி பஸ்தியன் போன்றவர்களின் கையில் மேடைப் பாட்டானது அது. ஆகவே நம் பிள்ளைகளின் கைக்கு இந்த எண்ணிக்கை ஏற்கெனவே தெரியும். தெரிந்ததே சிக்கலாகவும் இருக்கிறது. தாலாட்டைத் தொடங்கி, மூன்றாவது அடிக்குள் கை தன்னை அறியாமலே ஆட்டப் பாட்டுக்குப் போய்விடும். ஒளிவிழா மேடைகளில் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். பாட்டு முடிகிறபோது சின்னப் பிள்ளைகள் மூச்சு வாங்குவார்கள்.

இந்த முறைக்குச் சிறந்த பயிற்சிப் பாட்டு எல்லா நத்தாருக்கும் பாடப்படுகிற 'சைலன்ட் நைட்' கரோல்தான். அதைத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கிற்றாரோடு பிறந்த பாட்டு. 1818 டிசெம்பர் 24 அன்று, ஒஸ்திரியாவின் ஒபெர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில், புனித நிக்கொலஸ் கோயிலில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. வரிகளை எழுதியவர் யோசப் மோர் என்ற இளங்குரு. மெட்டமைத்தவர் பக்கத்து ஊர்ப் பாடசாலை ஆசிரியர் பிரான்ஸ் சேவர் குறூபர். இருவரும் பாட, மோர் கிற்றார் வாசித்தார். ஓர்கன் பழுதானதால் கிற்றார் எடுத்தார்கள் என்ற கதை பின்னாளில் ஒட்டிக்கொண்டது. பெரிய ஓர்கனோ வாத்தியக் குழுவோ இல்லாமல், ஒரு கிற்றாரும் இரண்டு குரலும் கொண்டு தொடங்கிய பாட்டு அது. வசதி குறைந்த வன்னிக் கோயில் ஒன்றில் கிற்றாரோடு உட்காருகிற பிள்ளை இதை அறிந்திருக்க வேண்டும்.

அதற்கு மூன்று கோர்ட் போதும். டி சுருதியில் டி, ஜி, ஏ. சி சுருதியில் சி, எஃப், ஜி. எஃப் பிடிக்க விரல் வலிக்கிறவர்கள் டி சுருதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஆறு வீச்சும் போட்டுப் பழகி, பிறகு 'த'க்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் காற்றில் விட்டுப் பாருங்கள். பாட்டு எவ்வளவு அமைதியடைகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஐந்தாவது முறை: வீசாமல் பிரித்து மீட்டல்

இது வீச்சு முறை அல்ல. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. தகிட தகிட எண்ணிக்கையில் அடிக்கம்பி, மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள். அடிக்கம்பிக்குப் பெருவிரல், மூன்றுக்குச் சுட்டுவிரல், இரண்டுக்கு நடுவிரல், ஒன்றுக்கு மோதிரவிரல்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை வாசிக்க ஆசைப்படாத கிற்றார் மாணவர் கிடையாது. இளையராஜாவின் அந்தப் பாட்டில் கிற்றார் வாசித்தவர் சந்திரசேகர். அங்கே நாம் கேட்பது விரலால் பிரித்து மீட்டிய ஒலி. அதன் மேல் மூன்றாவது முறையைப் போட்டு வீசினால் பாட்டு பாரமாகிவிடும். அந்தப் பாட்டின் உண்மையான மீட்டல் இந்த நிலைக்குக் கடினம். ஆனால் எந்தப் பாட்டுக்கு வீச்சு வேண்டாம் என்று அறிந்துகொள்வதும் வீச்சுப் பயிற்சியின் பகுதிதான்.

ராகப் பாட்டுகள் பற்றியும் சுருக்கமாக. சங்கராபரணத்தில் அமைந்தவற்றுக்கு மேஜர் கோர்ட்டுகளும், நடபைரவியில் அமைந்தவற்றுக்கு மைனர் கோர்ட்டுகளும் ஒத்துப்போகும். மாயாமாளவகௌளை போன்றவற்றில் கோர்ட் தேடி அலையாதீர்கள். சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் தம்புரா போல ஒலிக்கவிட்டு முதலாவது முறையோடு நில்லுங்கள்.

பாடுகிறவரின் கட்டை

வீச்சு சரியாக இருந்தும் துணை சரிவராமல் போவதற்குப் பொதுவான காரணம் சுருதி. கிற்றார்காரர் தனக்குத் தெரிந்த சி கோர்ட்டில் தொடங்குவார். பாடுகிற பிள்ளை மேலே எட்ட முடியாமல் கத்தும். பாடுகிறவர்தான் சுருதியைத் தீர்மானிக்க வேண்டும். நம் ஊரில் சங்கீதம் படித்தவர்கள் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். அதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. அரைக் கட்டைகள் இடையிலுள்ள ஷார்ப்.

"எனக்கு அஞ்சரைக் கட்டை, அண்ணா" என்று ஒரு தங்கை சொன்னால் அது ஜி ஷார்ப். கேப்போவை முதலாம் ஃபிரெட்டில் போட்டு ஜி வடிவங்களை வாசியுங்கள். 6 கட்டைக்கு இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ, அதே ஜி வடிவங்கள். ஒன்றரைக் கட்டையில் பாடுகிற ஆண்குரலுக்கு முதலாம் ஃபிரெட்டில் கேப்போ, சி வடிவங்கள். இரண்டரைக் கட்டைக்கு முதலாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு டி வடிவங்கள். கேப்போ வாங்க வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் வரைக்கும், ஒரு பென்சிலைக் கம்பிகளுக்குக் குறுக்கே ஃபிரெட்டை ஒட்டி வைத்து, சைக்கிள் ட்யூப்பில் வெட்டிய ரப்பர்ப் பட்டியால் கழுத்தோடு இறுக்கிக் கட்டலாம். அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

ஓர்கனும் கூட இருந்தால் கிற்றார் குறைய வேண்டும். ஓர்கன் ஒலியை நீட்டிப் பிடிக்கும். கிற்றார் தாளத்தை மட்டும் காட்டட்டும். இரண்டும் எல்லா இடத்தையும் நிரப்பினால் பாட்டின் சொல் கேட்காது. பூசையில் சனம் வந்திருப்பது சொல்லுக்காக.

வெயிலும் மாரியும்

வன்னி வெயில் கிற்றாருக்குக் கடுமையானது. சோழகம் வீசுகிற காய்ந்த மாதங்களில் மரம் சுருங்கும். ஃபிரெட்டின் ஓரங்கள் கழுத்துக்கு வெளியே நீண்டு விரலைக் கீறும். மாரியில் மரம் ஈரம் குடித்து ஊதும். கம்பி உயர்ந்து அழுத்தக் கடினமாகும். தகரக் கூரைக்குக் கீழே சுவரில் தொங்கவிடாதீர்கள். மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளோடு கட்டிவைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். சூட்டில் பசை இளகும். வீட்டின் குளிர்ந்த மூலையில், உறைக்குள், நிலத்திலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். வாசித்த பிறகு கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்தால் வியர்வைத் துரு பிடிப்பது குறையும். பழகுகிறவர்களுக்கு 0.010 அங்குலத்தில் தொடங்குகிற மெல்லிய கம்பித் தொகுதி போதும். சுருதி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று நிற்கும். கோயிலுக்குப் போய் உட்கார்ந்த பிறகு மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேடைக்கு முன் ஒரு சோதனை

உங்கள் தாளம் ஓடுகிறதா என்று உங்கள் காதால் கண்டுபிடிப்பது கடினம். கைபேசியில் முழுப் பாட்டையும் பதிவுசெய்யுங்கள். முதற்சரணம் எத்தனை செக்கன், கடைசிச் சரணம் எத்தனை செக்கன் என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் தயார். கடைசிச் சரணம் இரண்டு மூன்று செக்கன் குறைந்திருந்தால் கை ஓடியிருக்கிறது. மணிக்கூட்டின் முன்னால் உட்கார்ந்து 'சக் சக்' பயிற்சிக்குத் திரும்புங்கள். பாடகரை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கும்போதும் இதே கணக்குத்தான்.

ஐந்து முறையும் கைவந்த பிறகுதான் பாடகர் குழாத்தில் உட்காருவேன் என்று காத்திருக்க வேண்டாம். முதலாவது முறையும் மூன்று கோர்ட்டும் தெரிந்தால் போதும். வருகிற ஞாயிறே கிற்றாரோடு போங்கள். பாடுகிறவரிடம் கட்டையைக் கேளுங்கள், இரண்டு சுற்று முன்னால் வாசியுங்கள், பிறகு அவர் குரலைக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள்.